தற்காலிகம்தானேன்னு விட்டுடாதீங்க

பிரிஞ்ச உடனே எல்லாரும் என்கிட்ட கேட்கிறது கடைசித் தீர்ப்பைப் பத்தித்தான். ஆனா வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கலாம். அதுவரைக்கும் குழந்தை யார்கிட்ட, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுறது, வீட்டில் யார் இருக்கிறது? இதையெல்லாம் முடிவு பண்றது இடைக்கால உத்தரவு.

இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் ஆனவங்களுக்கு, 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் உண்டு. வருமானம் இல்லாத கணவரும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், முடிந்தவரை, அந்த மனுவை முடிக்கணும். குழந்தைக்கு 26-வது பிரிவு.

வீடு? 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட பெண் அங்கேயே தங்கவும், அதை விற்காமல் தடுக்கவும் உத்தரவு கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் கேட்கலாம்னு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே வருஷம் இன்னொரு தீர்ப்பு: ஜீவனாம்ச வழக்கில் ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் செய்யணும்.

குழந்தை ஒரு வீட்டில், ஒரு ஸ்கூலில் பழகிட்டா, அதைக் கலைக்க நீதிபதியும் யோசிப்பார். அதனால இடைக்கால மனுவைத் தள்ளிப் போடாதீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபீஸ் ரசீது எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்து வைங்க.