உலகக் கோப்பைக்குச் செல்லும் வழி



உலகக் கால்பந்துப் போட்டிக்கு ஒரு நாடு எவ்வாறு தகுதி பெறுகிறது என்று கேட்டால், "ஆடி வென்று" என்பீர்கள். விடை சரியே, ஆனால் முழு விடை அன்று. தகுதிச் சுற்றில் ஒரு முறையேனும் பந்தை உதையாமல் இடம் பெற்ற நாடு ஒன்று உண்டு. அது நம் இந்தியாவேதான்.

1950ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த போட்டிக்கு 16 இடங்கள். போட்டியை நடத்தும் பிரேசிலுக்கும், முந்திய கோப்பையை வென்ற இத்தாலிக்கும் நேரே இடமளித்துவிட்டு, மற்ற நாடுகளைப் பிரிவு பிரிவாக வகுத்து மோதவிட்டனர். இந்தியாவின் பிரிவிலிருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றும் விலகிக்கொண்டன. இடம் நமக்கு வந்தது.

'நமக்கு' என்கிறேன். ஆனால் அன்று நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் அன்றோ இருந்தது! ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் முதல் நாள். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள். 1950இல் புதுவைச் சிறுவன் ஒருவன் "நம் அணி எது?" என்று கேட்டிருந்தால், எந்த ஆசிரியரும் சற்றுத் தயங்கியே விடை கூறியிருப்பார்.

அவ்விரு அணிகளும் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நேருக்கு நேர் மோதியவை. நம் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளையும் நாம் வீணாக்கினோம். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு வென்றது, இரண்டுக்கு ஒன்று என்று.

அந்தப் பிரான்சோ, 1950ஆம் ஆண்டுத் தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியாவிடம் தோற்றுப்போயிற்று. எனினும் வேறு நாடுகள் விலகியமையால் அதற்கும் அழைப்பு வந்தது. முதலில் இசைந்து, பின்னர் பிரேசிலுக்குள் மேற்கொள்ள வேண்டிய நெடும்பயணத்தைக் காரணங்காட்டி மறுத்துவிட்டது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றுடன் சேர்க்கப்பட்டிருந்த இந்தியாவும் விலகியது. வெறுங்காலுடன் ஆட இசைவு கிடைக்காததே காரணம் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்றைய வீரர் சைலேன் மன்னா பிற்காலத்தில் அதை மறுத்து, ஒலிம்பிக்கையே பெரிதென எண்ணியவர்கள் இப்போட்டியைப் பொருட்படுத்தவில்லை என்றார். எனக்கும் அதுவே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. முடிவில் 13 நாடுகளே ஆடின. பொலிவியாவுடன் மட்டும் ஒரே பிரிவில் எஞ்சிய உருகுவே, அப்பிரிவில் ஆடியது ஒரே ஆட்டம். கோப்பையை வென்றதும் அதுவே.

இன்று அத்தகைய எளிய வழி இல்லை. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 இடங்கள். அவற்றுள் ஆசியாவுக்கு நேரடியாக எட்டு. தரவரிசையில் தாழ்ந்தவை முதற்சுற்றில் மோதின. இரண்டாம் சுற்றில் 36 நாடுகள், நான்கு நான்காக ஒன்பது பிரிவுகளில், உள்ளூரிலும் வெளியூரிலுமாக ஆறு ஆட்டங்கள் ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டே மேலே செல்லும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று.

ஐந்து புள்ளிகளுடன் இந்தியா 2024 ஜூன் 11ஆம் நாள் தோகாவில் கத்தாரைச் சந்தித்தது. சாங்டே 37ஆம் நிமிடத்தில் கோல் போட்டார். வென்றிருந்தால் எட்டுப் புள்ளிகள். அன்றே ஏழு புள்ளிகளை எட்டிய குவைத்தை முந்தி மூன்றாம் சுற்றுக்குச் சென்றிருப்போம். 73ஆம் நிமிடம் வரை அந்த முன்னிலை நிலைத்தது. பிறகு கத்தார் இரண்டு கோல்கள் போட்டது.