ஒரே மருந்து, இரண்டு அட்டை

ஆழ்வார்திருநகரியில் ரத்த அழுத்தம் உள்ள ஒரு பெரியவரின் மாத்திரை டப்பாவைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கே வந்து கொடுத்த அட்டையில் அம்லோடிபின் என்றிருக்கும். தூத்துக்குடியில் தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்த அட்டையில் அம்லாங் என்றிருக்கும். இரண்டும் ஒரே மருந்துதான்! தெரியாமல் இரண்டையும் போட்டால் கால் வீங்கும், தலை சுற்றும். விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிற வயது வேறு. அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரை வீட்டுப் பிள்ளைகள் வாசித்துச் சொன்னால் போதும், இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

பெயர்க் குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற மலேரியா மருந்துகள் பற்றிய வழக்கில், மருந்துப் பெயர்களில் மற்றப் பொருள்களைவிடக் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்று 2001-ல் நீதிபதிகள் கூறினர்.

இங்கிலாந்தில் நடந்தது பெருங்கொடுமை. டாக்டர் கிறுக்கிய அமாக்ஸில் என்ற பெயரை மருந்துக் கடைக்காரர் டேவோனில் என்று படித்து, சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். நோயாளியின் மூளை பாதிக்கப்பட்டது. பொறுப்பில் கால் பங்கு டாக்டருக்கு, முக்கால் பங்கு கடைக்காரருக்கு என்ற தீர்ப்பை 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் டாக்டரிடம் ஓட வேண்டும். பிறகு நோயாளியே புகார் தெரிவிக்கலாம். இது பலருக்குத் தெரியாதது வருத்தம். 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 180 3024. தெரிவிப்பவரின் விவரம் ரகசியமாக இருக்கும். பேசும்போது அட்டை கையில் இருக்கட்டும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில்தான் உள்ளன.