மறுப்புக் கடிதம் வந்த பின்

வங்கியில் நாம் இட்டுவைத்த பணம் நாம் அறியாமலே கழிக்கப்பட்டு, முறையீடும் மறுக்கப்பட்டால் செய்யத்தக்கது யாது என்பதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, நான் பெயரும் கேட்டிராத ஒரு கடைக்கு எனது ஓய்வூதியக் கணக்கிலிருந்து 18,500 ரூபாய் சென்றுவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. அட்டை என் பெட்டியில் இருந்தது. இரகசிய எண்ணை எவரிடமும் உரைத்ததில்லை. உடனே தொலைபேசி வழியாக அட்டையை முடக்கச் செய்தேன். திங்களன்று எழுத்து மூலம் முறையிட்டு ஒப்புகைச் சீட்டும் பெற்றேன். ஒரு மாதம் கழித்து இரண்டே வரியில் விடை வந்தது: இரகசிய எண் சரியாக இடப்பட்டுள்ளது, ஆகவே கோரிக்கை ஏற்கப்படவில்லை.

முப்பதாண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். பெயரை அழைத்தவுடன் 'உள்ளேன் ஐயா' என்று ஒரு குரல் எழுந்துவிட்டால், அப்பெயருக்குரிய மாணவன் வகுப்பில் இருக்கின்றான் என்று பொருளா? கடைசி வரிசையை அறிந்த ஆசிரியர் எவரும் நகைப்பர். எண் இடப்பட்டது என்பது ஒன்று. இட்டவர் யார் என்பது வேறு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விடுத்த சுற்றறிக்கை இவ்வேறுபாட்டை உணர்ந்தே எழுதப்பட்டது. பொறுப்பு வாடிக்கையாளருடையதே என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியையே சாரும் என்று அது விதித்தது. குறை இருவரிடத்தும் இன்றி வேறெங்கோ நேர்ந்திருக்க, செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தவர்க்கு அதன்படி இழப்பு இருக்கவில்லை. அறிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையை வரவு வைக்க வேண்டியிருந்தது. எண்ணைத் தாமே பிறர்க்குக் கூறியவர் நிலை வேறு. அறிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதாகவே இருந்தது.

ஆதலின் இரண்டாம் கடிதத்தில் நான் சினந்து எழுதவில்லை, வினாக்களே எழுதினேன். எக்கருவியிலிருந்து, எந்நேரத்தில் ஆணை பிறந்தது? அதனை இட்டவன் நானே என்பதற்குச் சான்று யாது? 10 நாட்களில் வரவு வைக்காமைக்குக் காரணம் என்ன? விடை இல்லை. கடிதங்களின் படிகளையும் ஒப்புகைச் சீட்டின் படியையும் இணைத்து, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பித்தேன். கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் வேண்டியிருக்கவில்லை. ஆறாம் வாரம் தொகை கணக்கில் சேர்ந்தது.

என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவருக்கும் இத்தகைய மறுப்பு வந்திருந்தது. வங்கியே எழுதிவிட்டபின் யாரிடம் சொல்வது என்று கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டார். குறைதீர்ப்பாளரை அணுக, 2021ஆம் ஆண்டுத் திட்டம் மறுப்பு வந்ததிலிருந்து ஓராண்டே தவணை தந்தது. அவர் அதனை என்னிடம் காட்டியபோது மேலும் இரண்டு மாதம் கடந்திருந்தது. நுகர்வோர் ஆணையத்திற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் தரும் தவணை இரண்டாண்டு. அதில் இன்னும் சில மாதங்கள் எஞ்சியுள்ளன; மனுவை இருவருமாக எழுதிக்கொண்டிருக்கின்றோம்.