உலர் கண்ணுக்கு ஒளிச் சிகிச்சையும் கருந்தோலும்

இமை விளிம்பில் வரிசையாக அமைந்த மைபோமியன் சுரப்பிகள் கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பரப்புகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் 1666-இல் இவற்றை விரிவாக விவரித்தார். எண்ணெய் இறுகிச் சுரப்பியின் வாய் அடைபட்டால் கண்ணீர் விரைந்து ஆவியாகிறது. எரிச்சலும் உறுத்தலும் மங்கலான பார்வையும் தொடர்கின்றன. நாட்பட்ட உலர் கண் நோயில் பெரும்பகுதி இந்த அடைப்போடு தொடர்புடையது. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருப்பவருக்கும் இந்நோய் இருக்கக்கூடும்.

மலேசியாவின் ஜொகூரில் இதைத் தூண்டும் சூழலுக்குக் குறைவில்லை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவரின் முகத்தில் காற்று அறைகிறது. பலருக்குப் பகல் முழுதும் குளிரூட்டிய அறையும் கணினித் திரையும்தாம். திரையை உற்று நோக்குகையில் இமைப்பது குறைகிறது, எண்ணெய் பரவுவதும் குறைகிறது. புகைமூட்டம் வேறு. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டியது. அங்கும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

ஒளிச் சிகிச்சை தோல் மருத்துவத்திலிருந்து கண் மருத்துவத்துக்கு வந்தது. ரோசேசியா என்னும் முகச் சிவப்பு நோய்க்குத் துடிப்பொளி பெற்றவர்களின் உலர் கண்ணும் தணிவதை, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரக் கண் மருத்துவர் ரொலாண்டோ டோயோஸ் 2000களின் தொடக்கத்தில் கவனித்தார். துடிப்பொளி லேசர் அன்று. செனான் விளக்கின் ஒளி வடிகட்டப்பட்டு, ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் அலைநீளத்தில் சிறு சிறு துடிப்புகளாகக் கீழிமைக்கு அடியிலும் கன்னத்திலும் பாய்ச்சப்படுகிறது. குருதியின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி வெப்பமாக்க, இமையோரத்தில் புடைத்த நுண்குழாய்கள் சுருங்கி அழற்சி தணிவதாகக் கருதப்படுகிறது. கண்ணுக்குக் கவசம் இன்றியமையாதது. கருவிழித் திரையின் நிறமியும் இவ்வொளியை உறிஞ்சிக் காயப்படும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நான்கு அமர்வுகள் வழக்கம். பெரும்பாலும் ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் சுரப்பிகள் பிதுக்கப்பட்டுத் தேங்கிய எண்ணெய் வெளியேற்றப்படுகிறது.

2021-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய கருவி ஒன்றை உலர் கண் நோய்க்கு அனுமதித்தது; ஆனால் தோலை வெளிர்நிறம் முதல் கருநிறம் வரை ஆறாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாட்டின் முதல் நான்கு தோல் வகையினருக்கு மட்டுமே. கருந்தோலின் மெலனின் ஒளியைத் தானே வாங்கிக்கொள்வதால் கொப்புளமும் தீக்காயமும் நீங்காத நிறத்திட்டுகளும் உண்டாகலாம். மலேசியத் தமிழர் பலர் ஐந்தாம், ஆறாம் வகையினர். ஆகவே ஜொகூரில் இச்சிகிச்சை பற்றிய முதற்கேள்வி கருவியின் விலையைப் பற்றியதாக இருத்தல் ஆகாது. நோயாளியின் தோலைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். தோல் வகையைக் கணிக்காமல் விளக்கை ஏற்றும் மருத்துவமனை பெருந்தவறு இழைக்கிறது.

சான்றுகளும் இன்னும் போதவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு இச்சிகிச்சை பற்றி 2020-இல் வெளியிட்ட மீளாய்வில் இடம்பெற்றவை மூன்று ஆய்வுகளே. பங்கேற்றோர் மொத்தம் 114 பேர். கருந்தோலினருக்கு 633 நானோமீட்டர் சிவப்பொளி மாற்றாக முன்வைக்கப்படுகிறது. தாழ்ந்த ஆற்றலுடைய அவ்வொளி மெலனினால் அவ்வளவு தடைபடுவதில்லை. அதன் பயனை இம்மண்ணின் மக்களிடமே சோதித்தறிதல் வேண்டும். அதுவரை வெந்நீர் ஒத்தடமும் இமை நீவுதலும் இமைத் தூய்மையும், எந்த நிறத்தோலுக்கும் ஏற்ற முதற்படி மருத்துவமாக நீடிக்கின்றன.