பெயருக்கு முகவரி கிடையாதபோது

கணினிகள் ஒன்றையொன்று அறிவது எண்களால். மனிதர் அவற்றை அழைப்பதோ பெயர்களால். பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைத் தேடித்தரும் பணி ஒன்று இவ்விரண்டிற்கும் இடையே ஓயாது நடைபெறுகின்றது. அப்பணி தடைப்படுமாயின், கம்பி அறாதிருந்தும், இயந்திரம் பழுதாகாதிருந்தும், தொடர்பு அற்றுப்போகும். அவ்வேளையில் குறை எவ்விடத்தது எனக் காண்பது எங்ஙனம்?

தொடக்கத்தில் இக்காரியம் எளிதாயிருந்தது. அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பிற் சேர்ந்த கணினிகளின் பெயர்கள் யாவும் கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. கணினிகள் பெருகவே, அம்முறை தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்பார், பெயர்களை ஓரிடத்திற் குவிக்காது பல வழங்கிகளிடையே பகிர்ந்துவைக்கும் முறையை வகுத்தார். இன்றும் உலகெங்கும் வழங்குவது அம்முறையே.

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இத்தேடலைச் செய்வது குனூ சி நூலகம். நூலகம் என்றது இங்கே புத்தகசாலையை அன்று. நிரல்கள் யாவும் பொதுவாக எடுத்தாளும் செயற்கூறுகளின் களஞ்சியத்தை. எங்கெங்கே, எந்த வரிசையில் விசாரிப்பது என்பதை அது 'என்.எஸ்.ஸ்விட்ச்' என்னும் கோப்பிலிருந்து அறியும். வழக்கமாக, அக்கணினியிலேயே உள்ள 'ஹோஸ்ட்ஸ்' பட்டியலை முதலிற் பார்க்கும். அதில் இல்லையேல், 'ரிசால்வ்' கோப்பிற் குறித்த பெயர் வழங்கிகளைக் கேட்கும். அவற்றுள் முதல் மூன்றையே அது கொள்ளும். நான்காவதாக எழுதியது வீணே கிடக்கும்.

குறை தேடுவோரும் இவ்வொழுங்கிலேயே செல்லுதல் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 'டிக்' என்னும் கருவியாற் பெயர் வழங்கியை நேரே வினவி, விடை வந்ததும், பெயர்த் தேடலிற் குறையில்லை எனத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அக்கருவியோ ஹோஸ்ட்ஸ் பட்டியலைப் பாராது செல்வது. அப்பட்டியலில் எவரோ என்றோ எழுதி மறந்த பழைய முகவரி ஒன்று இருக்குமாயின், டிக் சரியான விடை கூற, நிரல் மட்டும் வேறொரு வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். 'கெட்என்ட்' என்னும் கட்டளை நூலகத்தின் வழியே கேட்பது. இரண்டின் விடைகளும் மாறுபட்டால், அக்கணினியின் கோப்புகளையே முதலில் ஆராய்தல் தகும்.

தாமதமும் ஒரு தடயமே. நூலகம் ஒரு வழங்கியின் விடைக்கு வழக்கமாக 5 வினாடி காத்திருக்கும். மேலும், பழைய வகை முகவரி, புதிய வகை முகவரி ஆகிய இரண்டையும் அது ஒருங்கே கேட்கும். இடையிலுள்ள காவற்கருவி ஒரு விடையை விட்டு மற்றதைத் தடுத்துவிட்டால், பெயர் கிடைத்தும் 5 வினாடி வீணாகும். தாமதம் ஒவ்வொரு முறையும் அதே அளவினதாயின், இதனை ஐயுறலாம். கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புமாறு ரிசால்வ் கோப்பிற் குறித்தால் பெரும்பாலும் குணமாகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, தோல்வியின் வகையை அறிதல். 'அப்பெயர் இல்லை' என்பது ஒன்று; 'இப்போது விடை கிடைக்கவில்லை' என்பது வேறொன்று. மின்னஞ்சல் வழங்கி ஒன்று இரண்டாவதை முதலாவதாகக் கொண்டால், சற்றுப் பொறுத்து அனுப்பியிருக்கவேண்டிய கடிதம், பெறுநரே இல்லை என்று திருப்பி அனுப்பப்படும். ஒருவருடைய வேலை விண்ணப்பமும் அவ்வாறு திரும்பிவிடக்கூடும். வீடு பூட்டியிருக்கக் கண்ட தபாற்காரர், அப்படியொரு வீடே இல்லை என்று எழுதித் திருப்புவதுண்டோ? நிரல் எழுதுவோரும் இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் வேண்டும்.