விடுதியின் கதவு

 

வெள்ளி விழாக் காணும் இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு விடுதி எழுப்ப முனைந்துள்ளது. அவ்விடுதியின் கதவுகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

1911-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், நியூயார்க் நகரில் மகளிர் மேற்சட்டை தைக்கும் டிரையாங்கிள் தொழிற்சாலையில் தீப்பற்றியது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் அது இயங்கியது. பணியாற்றியோரில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழை இளம்பெண்கள். அவர்கள் துணியைத் திருடிச் செல்வார்களோ என்று ஐயுற்று, மாலையில் ஒரே வழியாக அனுப்பி, பைகளைச் சோதிப்பது அங்கு வழக்கம். அதற்காக ஒன்பதாம் தளத்தின் மற்றொரு கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். கதவு பூட்டியிருந்ததை உரிமையாளர் அறிந்திருந்தனர் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படாமையால், அவர்கள் இருவரும் விடுதலை பெற்றனர்.

அத்துயரத்தை வீதியில் நின்று கண்டவர் பிரான்சிசு பெர்க்கின்சு அம்மையார். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுக்காக உழைத்த அவர், 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

நம் நாட்டில் 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும், அறைக்குள் ஒருவர் இருக்கும்வரை, உள்ளிருந்து உடனே திறக்க இயலாதவாறு கதவைப் பூட்டலாகாது என்று விதித்தது. வெளியேறும் கதவு உள்ளிருப்போர்க்குச் சாவியின்றித் திறக்க வேண்டும், வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்பதே 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறியும் ஆகும். உட்புறமாகத் திறக்கும் கதவின்மேல் அஞ்சிய கூட்டம் நெருக்கினால், முன்னிற்பவரால் அதை இழுத்துத் திறக்க இயலாது. கூட்டம் கூடும் இடங்களில், உடலால் அழுத்தினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பியைப் பொருத்துவதும் இதற்காகவே.

“பூட்டாவிடில் காவல் ஏது?” எனப் பெற்றோர் வினவுவது நியாயமே. வெளியிலிருந்து வருவோர்க்குச் சாவி வேண்டும். உள்ளிருந்து செல்வோர்க்குக் கைப்பிடி ஒன்றே போதும். அவ்வாறு அமைந்த பூட்டுகள் உண்டு. காவலர் மடியில் சாவியை வைத்துக்கொண்டு உறங்கும் ஏற்பாடு மட்டும் வேண்டா. வழியை அடைத்துப் பெட்டிகளும் கட்டில்களும் கிடக்கலாகாது.

கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நம் முன்னோர். கற்க வந்த நம் பிள்ளைகளைக் கதவுக்கு உள்ளே வைத்துப் பூட்டும் பிழையை நாம் செய்யலாகாது. திறப்பு விழாவிற்கு முன் ஒருநாள், விடுதியின் மிகச் சிறிய மாணவனை இருட்டில் நிறுத்தி, கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அவன் திறந்துவிட்டால் விடுதி ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.