மாறும் எண்ணும் மாறாத சட்டமும்

அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரிவோருக்கு இரண்டு சிறு சொற்களிடத்தில் எப்போதும் ஓர் அச்சம் உண்டு. ‘செய்தல் வேண்டும்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘செய்யலாம்’ என்று எழுதிவிட்டால் கட்டளை யோசனையாகிவிடும், கடமை விருப்பமாகிவிடும். பல ஆண்டுகளாக இப்பணியில் இருக்கும் நாம், ஒரு வரைவைத் திருத்தக் கையில் எடுத்ததும் முதலில் தேடிப் பார்ப்பது இவ்விரண்டு சொற்களைத்தான்.

இதே வேறுபாட்டை எழுத்தால் அல்லாமல், செந்நிற வளையம் ஒன்றால் காட்டும் சாலைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. அச்சாலைகளைப் பற்றியும், வேகமாக வண்டி ஓட்டிச் சட்டத்தின் முன் நிற்க நேர்ந்த சில பிரமுகர்களைப் பற்றியும் இன்று நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறோம்.

1959-ஆம் ஆண்டில் ‘எம் 1’ என்னும் மோட்டார்ப் பெருஞ்சாலையின் முதற்பகுதி அங்கே திறக்கப்பட்டபோது அதற்கு வேக வரம்பே கிடையாது. 1965 டிசம்பரில் மணிக்கு 70 மைல் என்ற வரம்பு தற்காலிகமாக விதிக்கப்பட்டது. 1967-இல் அது நிலைபெற்றது. 70 மைல் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 112 கிலோமீட்டர். ஆனால் வண்டிகள் பெருகப் பெருக, ஒரே எண் எல்லா வேளைக்கும் பொருந்தாது என்பது தெரியவந்தது.

திருவிழாக் கூட்டத்தில் முன்னே செல்பவர் ஒருவர் சற்றே தயங்கினால், அவருக்கு இருபது பேருக்குப் பின்னால் வருபவர் அடியோடு நின்றுவிட வேண்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சாலையிலும் அதுவே நடக்கிறது. நெரிசலில் ஒருவர் பிரேக்கை அழுத்தினால் அந்தத் தயக்கம் அலைபோலப் பின்னோக்கிச் சென்று, காரணம் அறியாத வண்டிகளையும் நிறுத்திவிடுகிறது. எல்லோரும் சற்று மெதுவாக, ஆனால் ஒரே சீராகச் சென்றால் இந்த அலை எழுவது குறையும்; மோதல்களும் குறையும். இந்த எண்ணத்தின்மேல் அமைந்ததுதான் மாறும் வேக வரம்பு. சாலையில் பதித்த கருவிகள் வண்டிகளின் ஓட்டத்தை உணர்ந்து சொல்லும். சாலைக்குக் குறுக்கே உயரத்தில் நிற்கும் இரும்புச் சட்டங்களில் 60, 50, 40 என்று எண்கள் ஒளிரும். லண்டன் நகரைச் சுற்றிச் செல்லும் ‘எம் 25’ சாலையின் மேற்குப் பகுதியில் 1995-இல் இம்முறை தொடங்கிற்று.

அந்த எண்ணைச் சுற்றிச் செந்நிற வளையம் இல்லையானால் அது யோசனை. வளையம் இருந்தால் அது சட்டம். வளையத்தை ‘வேண்டும்’ என்றும், வளையமில்லா எண்ணை ‘லாம்’ என்றும் நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். வளையமிட்ட எண்ணை மீறிச் செல்பவரைக் காமிரா படம் பிடிக்கும். அது வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுமே தவிர, உள்ளே இருப்பவர் வகிக்கும் பதவியைக் கேளாது.

2022 ஆகஸ்டில் எம் 1 சாலையில் இப்படிப் பிடிபட்டது ராபர்ட் ஜென்ரிக் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் வண்டி. அப்போது அங்கே ஒளிர்ந்த எண் 40; வண்டி சென்ற வேகம் 68 மைல். 2023 ஏப்ரலில் தண்டனைச் செய்தி வெளிவந்தபோது அவர் குடியேற்றத் துறை அமைச்சராக இருந்தார். அபராதம் 1,107 பவுன். அதன்மேல் விதிக்கப்படும் துணைக் கட்டணம் 442 பவுன். வழக்குச் செலவு 90 பவுன். ஆக 1,639 பவுன். அத்துடன் ஆறு மாதங்களுக்கு வண்டி ஓட்டத் தடை. அவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். நாட்டின் பொது வரம்புக்கு உட்பட்டே சென்றதாகவும், மாறும் வரம்பு விதிக்கப்பட்டிருந்ததைத் தாம் காணவில்லை என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 70-க்கு 68 இரண்டு குறைவுதான். ஆனால் 40-க்கு அது 28 அதிகம். நேற்று 70 ஆக இருந்த இடம் இன்று 40 ஆக இருப்பது, பழக்கத்தால் வண்டி ஓட்டும் எவருக்கும் இடறலே. நம்மில் பலருக்கும் அவர்பால் அனுதாபம் தோன்றலாம்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. இன்று கெஜட்டில் வெளிவந்த அறிவிப்பு நாளை நடைமுறைக்கு வந்துவிடுகிறது. அதைப் படிக்காத குடிமகன், ‘நான் பார்க்கவில்லை’ என்று விண்ணப்பத்தோடு வந்து நின்றால் எந்த அலுவலகமும் அதை ஏற்பதில்லை. படிவம் மாறியது தெரியாமலும், கெடு முடிந்தது தெரியாமலும் திரும்பிச் சென்றவர்கள் எத்தனை பேர்! அதிலும் குடியேற்றம் என்பது விதிகள் மிகுதியாக மாறும் துறை. ஊர் விட்டு ஊர் வந்து, குடும்ப அட்டைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த இரும்புச் சட்டத்தில் ஒளிரும் எண் அந்த ஒரு நிமிஷத்துக்கான கெஜட். ஆணைகளைப் பிறப்பிக்கும் இடத்தில் இருப்பவர், ஆணையைப் படித்து நடக்க வேண்டியவரின் இடத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் நின்று பார்ப்பது நல்லதே.

தண்டனையை அளக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டில் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் அளவின்படி, மிக அதிக வேகத்துக்கு உரிய படியில் அபராதத்தின் தொடக்க அளவு குற்றவாளியின் வார வருமானத்தில் ஒன்றரை மடங்கு. 40 மைல் வரம்பில் 66-உம் அதற்கு மேலும் அந்தப் படியில் சேரும். குமாஸ்தாவுக்கும் அமைச்சருக்கும் தொகை வேறு. ஆனால் இருவருக்கும் வலி ஏறத்தாழ ஒன்றே. இதில் ஒரு குறையும் உண்டு. மோட்டார்ப் பெருஞ்சாலையில் இவ்வபராதம் 2,500 பவுனைத் தாண்டாது. அந்த உச்சத்தில் கோடீசுவரருக்கு வலி நின்றுவிடுகிறது. வண்டி ஓட்டத் தடை மட்டும் பணத்தால் குறைவதில்லை. ஆறு மாதம் எல்லோருக்கும் ஆறு மாதமே.

தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திய பெரியோர் வேறு சிலரும் உண்டு. அரச குடும்பத்து இளவரசி ஆன், 2000-ஆம் ஆண்டில் 70 மைல் வரம்புள்ள சாலையில் 93 மைல் வேகத்தில் சென்றார். பின்னால் விளக்கைச் சுழற்றி வந்த போலீஸ் வண்டி தமக்குத் துணைக்காவலாக வருகிறது என்று எண்ணிவிட்டதாக அவர் தெரிவித்தார். பிறந்த நாள் முதல் காவலர் புடைசூழ வாழ்ந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 2001-இல் நீதிமன்றம் அவருக்கு 400 பவுன் அபராதம் விதித்தது. காண்டர்பரித் தலைமைப் பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி, 2022 அக்டோபரில் லண்டனில் 20 மைல் வரம்பில் 25 மைல் சென்றதற்காக, 2023-இல் அபராதமும் செலவுமாக 510 பவுன் செலுத்த நேர்ந்தது. ஐந்து மைல்தானே என்று சட்டம் விட்டுவிடவில்லை. இவர்கள் எவருடைய பெயரும் இதனால் அழிந்துவிடவும் இல்லை.

அழிந்தவர்கள் வேறு. அவர்களை அழித்தது வேகமன்று.

கிறிஸ் ஹூன் என்பவர் 2003-இல் ‘எம் 11’ சாலையில் வேகமாகச் சென்று பிடிபட்டார். அப்போது அவர் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் உறுப்பினர். தம் லைசென்ஸில் ஏறவேண்டிய குற்றப் புள்ளிகளை, வண்டி ஓட்டியவர் தம் மனைவியே என்று காட்டி அவர் பெயரில் ஏற்றிவிட்டார். பின்னர் பிரிட்டிஷ் அமைச்சரும் ஆனார். சில ஆண்டுகள் கழித்து உண்மை வெளிவந்தது. 2013 மார்ச்சில் அவருக்கும், அதற்குள் மணமுறிவு பெற்றிருந்த அம்மனைவிக்கும் தலைக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதனினும் வருந்தத்தக்கது. மார்க்கஸ் ஐன்ஃபெல்டு ஓய்வுபெற்ற நீதிபதி. மனித உரிமைகளுக்காகப் பாடுபட்டவர் என்று பெயர் பெற்றவர். 2006-இல் சிட்னி நகரில் 10 கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்காக அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 77 டாலர். அன்று வண்டியைத் தம் தோழி ஒருவரிடம் கொடுத்திருந்ததாக அவர் பிரமாண வாக்குமூலம் அளித்தார். அந்த அம்மையாரோ 2003-இலேயே காலமானவர். 77 டாலரில் தொடங்கிய அக்காரியம் 2009-இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனையில் முடிந்தது. எத்தனையோ பேரைக் கூண்டில் நிறுத்திப் பிரமாணம் செய்வித்தவர் அவர்!

திருவாரூரில் கன்றின்மேல் தேரை ஓட்டிய தன் மகன்மீது தேர்க்காலை ஏற்றிய மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பெருமைக்குரிய கதை. ஆனால் நாள்தோறும் நடக்கக்கூடிய நீதியன்று. அங்கே நீதி மன்னன் ஒருவனின் நெஞ்சுரத்தில் நின்றது. இன்றைய நீதியோ ஓர் அட்டவணையில் நிற்கிறது. இத்தனை வேகத்துக்கு இவ்வளவு அபராதம், இத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அச்சிட்டிருக்கிறார்கள். இதில் காவியச் சுவை இல்லைதான். ஆனால் உத்தமனான அரசன் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நம் நாடும் இவ்வழியில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2017 மே முதல் நாளிலிருந்து அமைச்சர்கள், உயர் அலுவலர்கள் ஆகியோரின் வண்டிகளிலிருந்து சிவப்புச் சுழல்விளக்கு நீக்கப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் தண்டம் இரு மடங்கு என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. மாறும் வேக வரம்பும் நமக்கு முற்றிலும் புதிதன்று. தில்லியை அடுத்த யமுனை விரைவுச் சாலையில் மூடுபனிக் காலம் வந்தால் வரம்பைக் குறைத்துவிடுகிறார்கள்.

அந்த மூடுபனியை நினைக்கும்போது நம் சொந்தக் குறை ஒன்று நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால இரவில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க நம் குடியிருப்பை அடுத்த டாக்சி ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டோம். நாம் புறப்பட்டதே தாமதம். வழி நெடுகப் பின்னிருக்கையில் இருந்துகொண்டு, ‘இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கள், பாயி சாஹப்’ என்று விரட்டிக்கொண்டே இருந்தோம். வண்டி கிடைத்தது, ஊருக்கும் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அந்த டிரைவர், வேகத்துக்காகத் தமக்கு வந்த சலானைத் தம் டெலிபோனில் காட்டினார். நாளும் நேரமும் நம் பயணத்தினுடையவை. பணத்தை நாம் எடுத்துக் கொடுத்தபோது அவர் முதலில் வாங்கவில்லை. ‘ஓட்டியது நான்தானே, சாப்’ என்றார்.

வற்புறுத்திக் கொடுத்தோம். ஆனால் சலான் அவர் பெயரில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. விரட்டியவர் பெயரை எழுத அதில் இடமே இல்லை. மனைவியின் பெயரில் புள்ளியை ஏற்றியவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவரை நாம் முழுதாக இகழ்ந்துவிட முடிவதில்லை. அவர் பொய் சொல்லி அடுத்தவர்மேல் ஏற்றினார். நாம் பொய் சொல்லாமலே ஏற்றிவிட்டோம்.

பிரமுகர்கள் சட்டத்துக்கு உட்பட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. காமிராவும் அட்டவணையும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் காமிரா பின்னிருக்கையைப் படம் பிடிப்பதில்லை. அங்கே இருப்பவர், அமைச்சரானாலும் நம்மைப் போன்ற அலுவலரானாலும், தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். எழுதிக்கொள்ளலாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்கிறோம்.